டாக்டர் சொல்லும் வரைக்கும்

2024 ஜூலை 11, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் என் கணவர் காலை நடைக்குப் போகவில்லை. குடங்களைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தார். இட்லி, தேங்காய்ச் சட்னி. கோயம்புத்தூரில் படிக்கும் மகளிடம் போனில் பேசினேன். துணி துவைத்தேன். ஈரத்துணி வாளியை அவர்தான் மாடிக்குத் தூக்கிப் போனார். பிறகு தோப்புக்குக் கிளம்பினார். கம்பெனிக்கு நான் லீவு சொல்லியிருந்தேன். தளவாய்புரத்திலிருந்து மதினி வருவதாக இருந்தது.

அன்றைய டைரிப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். கடைசி வரி, 'மதினியுடன் ராஜபாளையம், டாக்டர்' என்று முடிகிறது. மீதியை எழுத அன்று கை வரவில்லை. இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் குடியிருக்கிறோம். எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணியை ஓடவிட்டு, இழை விட்டிருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா, எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கணவர் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து, வ. புதுப்பட்டியில் இருக்கும் குடும்பத்துத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார்.

அதற்கு முந்தைய அக்டோபர் கடைசியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். புற்று இல்லை. நார்க்கட்டிகள், அவ்வளவுதான் என்றார் டாக்டர். அந்த 'அவ்வளவுதான்' என்னைப் பல வருடம் படுத்தியிருந்தது. பீரோவில் இருந்த சேலைகளெல்லாம் கருநீலம், மெரூன், காப்பிப்பொடி நிறம். பஸ்ஸில் இடம் இருந்தாலும் ராஜபாளையம் வரை நின்றுகொண்டே போவேன். உட்கார்ந்து எழுந்தால் சீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, எதையோ மறந்துவிட்டவள் போல யோசிப்பேன். மூச்சு வாங்குகிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. ரத்தம் குறைந்து, மாத்திரை தின்று, ஊசி போட்டு, இனித் தாங்காது என்ற பிறகுதான் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன்.

மயக்கம் தெளிந்ததும் எனக்கு ஒவ்வொன்றாகக் கேள்விகள் வந்தன. எடுத்ததை ஒரு தட்டில் வைத்து என் கணவரிடம் காட்டியிருந்தார்கள். எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, குரும்பையைவிடப் பெரிசு, இளநீரைவிடச் சின்னது என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில் இனி என்ன இருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். குடல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகு மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் கையை வைத்து, நகர்வது தெரிகிறதா என்று பல நாள் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆபரேஷனில் யார் நெய்த துணியை வைத்தார்கள் என்று நர்சிடம் விசாரித்தேன். எத்தனை வைத்தோம், எத்தனை எடுத்தோம் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும் என்று அந்தப் பெண் சிரித்தாள்.

ஒன்றை நானாகவே கண்டுபிடித்தேன். சினைப்பைகளை டாக்டர் எடுக்காமல் விட்டிருந்தார். தை மாதம் ஒரு நாள், காரணமே இல்லாமல் போனில் மகள் மீது எரிந்து விழுந்தேன். மார்பு கனத்து வலித்தது. மறுமாதமும் ஏறக்குறைய அதே நாட்களில் அதே எரிச்சல், அதே கனம். அதற்கடுத்த மாதம் காத்திருந்து பார்த்தேன், தவறாமல் வந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. துணி மட்டும்தான் வெளியே வரவில்லை. இதைக் கம்பெனியில் சொன்னபோது பக்கத்து மேசைக்காரி, விட்டுது சனியன்னு இருக்காம ஏன் போய் அதைத் தேடுத என்று கேட்டாள். எனக்கோ அதைக் கண்டுபிடித்ததில் ஒரு சந்தோஷம்.

சந்தோஷமில்லாத ஒன்றும் இருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் ஒரு பெண் டிக்கெட் எடுப்பதற்காகக் கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள். நான் வெளிர்மஞ்சள் சேலையில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். குழந்தை என் வளையலைப் பிடித்தது. அவள் டிக்கெட் எடுத்துவிட்டுக் கை நீட்டியபோது, குழந்தையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மகளுக்குப் பிறகு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மொத்தத்தில் உடம்பு தேறிவிட்டது. படி ஏறினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஒன்றை மட்டும் என்னால் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் என் கணவர் முன்னறையில் தனியாகப் படுத்தார். முதலில் அது நியாயம்தான். ஆனால் பொங்கல் போயிற்று, பங்குனி போயிற்று, வெயில் காலமே முடிந்துவிட்டது. அவர் முன்னறையிலேயே இருந்தார். முகத்தில் சுளிப்பில்லை, பேச்சில் குறையில்லை. குடத்தைத் தொட்டால் வந்து வாங்கிக்கொள்வார். எனக்கு இப்போது ஒன்றுமில்லை என்றால், 'இருக்கட்டும்' என்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல என்னைப் பார்த்துக்கொண்டார். விருந்தாளியின் அறைக்குள் யாரும் போய்ப் படுக்க மாட்டார்களே.

கர்ப்பப்பை எடுத்தவளிடம் போனால் ஆம்பிளைக்கு இடுப்பு விட்டுப்போகும் என்று கம்பெனியில் வயதான ஒரு அக்கா அடித்துச் சொல்லியிருந்தார். இவரும் அதுபோல ஏதாவது கேட்டு நம்பிவிட்டாரா? தட்டில் பார்த்தது அருவருப்பாகிவிட்டதா? இல்லை, நான்தான் அவருக்கு வேண்டாமல் போய்விட்டேனா? கேட்டிருக்கலாம். ஆனால் கல்யாணமான நாள் முதல் அந்த விஷயத்தை நாங்கள் வாயால் பேசியதே கிடையாது. அவர் லீவில் வருவார், லீவு முடிந்து போவார். பேசவேண்டிய அவசியமே வந்ததில்லை.

அன்று மதினி வந்ததும் நேராக அந்த இடத்துக்குத்தான் வந்தார்.

மதினி என் கணவருக்கு அக்கா. ஒரு வயது மூத்தவர். அவருக்கும் அதே நார்க்கட்டி, அதே ரத்தப்போக்கு. மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. எடுத்துவிடலாம் என்று எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரே சொல்லியிருந்தார். அன்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போய் முடிவைச் சொல்ல வேண்டும். மதினியின் கணவர் போலீசில் இருக்கிறார், பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். அதனால் என் கணவர் தோப்பிலிருந்து நேராக ராஜபாளையத்துக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

"ஒவ்வொருத்தியும் ஒவ்வொண்ணு சொல்லுதாளுவ. ஒருத்தி உடம்பு ஊதிருங்கா, ஒருத்தி கண்ணு மங்கிருங்கா. நீ சொல்லுட்டி. நீ சொன்னா கணக்கா இருக்கும்" என்றார், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

நான் கணக்காகத்தான் சொன்னேன். முதல் வாரம் இருமினால் வயிற்றைத் தலையணையால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயுத் தொல்லை இருக்கும். கட்டி அமுக்கியதால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்ததே, அது நின்றுவிடும். உடம்பு ஊதவில்லை, எனக்குக் கொஞ்சம் எடை கூடியது, அது பசித்துச் சாப்பிட்டதால். உள்ளே தறி ஓடுவதையும் சொன்னேன். மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அதெல்லாம் சரி. தம்பி உங்கிட்ட வாரானா?"

சட்னி எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். சட்னி அவர் தட்டுக்கு அருகிலேயே இருந்தது.

"ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன்."

"அவிய முன்னறையில படுக்காவ, மதினி."

"என்னையில இருந்து?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து."

மதினி கையிலிருந்த விள்ளலைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பிறகு, "அப்ப எனக்கு வேண்டாம்ட்டி. இன்னும் ரெண்டு வருசமோ மூணு வருசமோ, தானா நிக்கிற வரைக்கும் வலியோட கெடந்துட்டுப் போறேன். எங்க வீட்டுல அவிய ஒருநா மூஞ்சியத் திருப்பிட்டாலே என்னால தாங்க முடியாது" என்றார்.

அவர் முகம் வெளுத்திருந்தது. அது பயத்தால் மட்டும் வந்த வெளுப்பு இல்லை. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் என்ன நிறம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் நடப்பதை வைத்து இவர் இப்படியே இருந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். ஆனால் பயப்படாதீர்கள் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம், போய்க் கேட்டுவிட்டாவது வருவோம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வழி நெடுக அவர் ரிப்போர்ட் உறையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் என் கணவர் எங்களுக்கு முன்பே பைக்கில் வந்து நின்றுகொண்டிருந்தார். அங்கே டாக்டர் அறைக்கு வெளியே, ஆண்கள் திரைக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். என்னை டிசம்பரில் திரும்பப் பரிசோதித்தபோதும் அவர் அப்படித்தான் வெளியே நின்றார். அன்று மதினிக்குப் பரிசோதனை எதுவும் இல்லை, பேச்சு மட்டும்தான். அதனால் டாக்டரம்மா அவரையும் உள்ளே வரச் சொன்னார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். கட்டி வளர்ந்திருக்கிறது, ரத்த அளவு இறங்கியிருக்கிறது, இன்னும் தள்ளிப்போடுவது நல்லதல்ல, ஆனால் முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொன்னார். மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது. ஆறு வாரம் வீட்டுக்காரர் தனியாகப் படுக்க வேண்டும்.

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அதிகாரி முன்னால் நிற்பது போன்ற விறைப்பு.

"மேடம், ஒரு சந்தேகம்."

சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா.

"அக்காவுக்கு ஆறு வாரம்னு சொல்லுதீங்க. எங்க வீட்டுல ஆபரேஷன் முடிஞ்சி டிஸ்சார்ஜ் பண்ணும்போது, நான் சொல்ற வரைக்கும்னு சொன்னீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"இன்னும் சொல்லலயே, மேடம்."

டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடிப் படித்துவிட்டு, "டிசம்பர்ல செக்கப் வந்தப்பவே உங்க மிஸஸ்கிட்டச் சொல்லிட்டேனே. எல்லாம் வழக்கம்போல இருக்கலாம்னு" என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது உண்மை. திரைக்கு உள்ளே வைத்து என்னிடம்தான் சொன்னார். நான் வெளியே வந்து என் கணவரிடம், எல்லாம் சரியா இருக்காம் என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை ஆண்கள் நிற்கும் இடத்தில், அதற்குமேல் ஒரு பெண் என்ன சொல்ல முடியும்? அதுவே போதும், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவருக்கோ அது நலம் பற்றிய செய்தி. தடையை நீக்கும் உத்தரவு அல்ல. உத்தரவு போட்டவர்தான் அதை எடுக்க வேண்டும். எடுக்கும்வரை போட்ட இடத்தில் நிற்க வேண்டும். இருபது வருடம் அப்படியே இருந்து பழகியவர்.

முதலில் சிரித்தது மதினிதான். சேலை முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

"ஏலே, இம்புட்டு மாசமாவா சென்ட்ரி நின்ன?"

டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் உட்காரவில்லை. அவர் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை.

"வெயிட் தூக்குறதுக்கும் அதேதானா மேடம்?"

"எல்லாத்துக்கும் அதேதான். நீங்க உக்காருங்க."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மதினி சிரித்துக்கொண்டே வந்தார். சின்ன வயதில் ஒருநாள் அப்பா தம்பியை ஆட்டுக்குட்டியோடு ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சந்தைக்குப் போனாராம். மழை கொட்டியபோது ஆட்டுக்குட்டியே கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டதாம், தம்பி வரவில்லையாம். இதை என் கணவர் காதில் விழும்படியே சொன்னார். அவர் கடையில் டீ வாங்கப் போய்விட்டார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மதினியின் சிரிப்பு நின்றது. டாக்டரிடம் அவர் எந்தப் பதிலும் சொல்லாமல்தான் எழுந்து வந்திருந்தார்.

"நாளைக்கு எனக்குச் சொல்லணும்ட்டி."

"என்னத்த மதினி?"

"என்னத்தன்னு ஒனக்குத் தெரியும். அவன் வந்தா மட்டும் போதாது. நல்லா இருந்துச்சா, இல்லையா? ஒளிக்காம சொல்லு. அதக் கேட்டுட்டுத்தான் நான் டாக்டருக்குச் சொல்லுவேன்."

தளவாய்புரம் போகும் பஸ் வந்தது. படியில் ஏறியபிறகும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். எங்கள் வயதில் அப்படி ஒரு பொறுப்பை யாரும் யார் தலையிலும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பைக்கை எடுத்து வந்தார். ஆபரேஷன் ஆனதிலிருந்து குலுங்கும் என்று என்னை அதில் ஏற்றியதே இல்லை. நான் நின்றேன். "ஏறு" என்றார்.

முதுகைப் பார்த்துப் பேசுவது எளிதாக இருக்கிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஊரைத் தாண்டி, மலை நன்றாகத் தெரியும் இடத்துக்கு வந்ததும், "என்னைய வேண்டாம்னு ஆயிருச்சோன்னு நெனச்சேன்" என்றேன்.

ஒரு லாரியை முந்திய பிறகு, "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். நான் தனியாக நன்றாகத் தூங்குவதுபோல இருந்ததாம். விட்டது தொல்லை என்று நான் இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டாராம். இரண்டொரு தடவை கேட்க நினைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாராம். பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "தட்டுல காமிச்சாங்கள்லா, அப்ப நெனச்சேன், இத வச்சுக்கிட்டா இத்தன வருசம் நடந்தான்னு. இனி ஒனக்கு நம்மால ஒரு வலி வரக் கூடாதுன்னு இருந்துச்சு" என்றார். நான் அவர் தோளில் கையை வைத்தேன். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

அன்று இரவைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. புதிதாகக் கல்யாணமானவர்களைவிட நாங்கள் இரண்டு பேரும் பயந்துபோயிருந்தோம் என்பதை மட்டும் எழுதலாம். வலிக்குதா, வலிக்குதா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான், கேட்பதை நிறுத்தச் சொன்னேன்.

மறுநாள் காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதல் வேலையாக மதினிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். ஒளிக்காமல் சொன்னேன். முந்தி மாதிரியேவா என்று கேட்டால் இல்லை. உள்ளே ஆழத்தில் எங்கோ ஓர் இடம் முன்பைவிடச் சத்தமில்லாமல் இருக்கிறது. ஆரம்பத்தில் வறட்சியாகக் கொஞ்சம் இழுத்தது, டாக்டரம்மாவிடம் கேட்டு ஏதாவது களிம்பு வாங்க வேண்டும். ஆனால் இன்றைக்கு எந்தத் தேதி, துணி கறைபடுமா, நாளைக்குத் தலை சுற்றுமா என்ற நினைப்பு ஒன்றும் குறுக்கே வரவில்லை. அது எனக்குப் புதுசு. நல்லா இருந்துச்சு மதினி என்றேன்.

ஆடி கழியட்டும், ஆவணியில் வச்சுக்கிடுதேன், இன்னைக்கே டாக்டருக்குச் சொல்லிடுதேன் என்றார். உங்கள் வீட்டு அண்ணனை அந்த ஆறு வாரம் கழித்து வரும் செக்கப்புக்குக் கட்டாயம் கூட்டி வாருங்கள், முடிந்துவிட்டது என்பதை டாக்டர் அண்ணனிடமே சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு, போனை வைத்தேன்.